தானாகச் சுட்ட துப்பாக்கி

786

நகாசி,
7 ஜூன் 1987

அன்புள்ள மச்சானுக்கு, ரஹீமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஹவ்வாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வந்தது. யாரோ உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதையாவது ஒழுங்காக ஒட்டியிருக்கலாம், அவ்வளவு அலட்சியம். அதனால் இனிமேல் நான் தமிழில்தான் எழுதுவேன். உங்கள் முகாமில் ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், இந்தி படிக்கவும் ஒருவன் கிடைப்பான். பா ஊரில் சங்கம் பள்ளிக்கூடத்தில் இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் நம்மை ஒரே வகுப்பில் உட்கார வைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். இந்த எழுத்து சோறு போடுமா என்று நீங்கள் அப்போதே வாத்தியாரைக் கேட்டு அடி வாங்கினீர்கள். சோறு போடவில்லைதான். ஆனால் லெபனானில் இருக்கிற நம் நாட்டுப் படையில் இதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஹவ்வா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கும் இது கோலம் மாதிரிதான். அதனால் மனசு விட்டு எழுதுகிறேன்.

என் தம்பி நிசாம் மௌத்தானது விபத்து என்று உங்களுக்குச் செய்தி கொடுத்தார்களாம். உங்கள் கடிதத்தில் நீங்களும் அதே வார்த்தையைப் போட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே அதற்கு ஒரு பெயர் வையுங்கள்.

படைக்காரர்கள் அரசாங்கத்தைப் பிடித்தது நோன்பு மாதத்தில். அதிலிருந்து சாலைக்குச் சாலை மரக்கட்டையைப் போட்டு நிற்கிறார்கள். நசினுவில் நம் பள்ளிவாசலுக்குக் கீழே, பெரிய சாலையிலும் ஒரு காவல். அதில் நிற்பவர்களில் பாதிப் பேர் நேற்றுவரை வேலையில்லாமல் கடைவாசலில் நின்றவர்கள். உடுப்பைக் கொடுத்து, துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்களோ இல்லையோ, தெரியாது. கூட்டம் கூடாதே என்று ரேடியோ கத்திக்கொண்டே இருந்தது.

பிறை பார்க்கும் நாள் வந்தது. வருடா வருடம் நம் ஜமாஅத்தில் நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியும். ஒருவர் தெரிகிறது என்பார், இன்னொருவர் அது மேகம் என்பார், பெருநாள் காலை வரை சண்டை ஓயாது. அதற்காகத்தானே நிசாம் அந்தக் குழாயைக் கொண்டுவந்தான். கொய்யாக் கவட்டை ஒன்றை மண்ணில் ஊன்றி, கறுப்புத் தண்ணீர்க் குழாயை அதன்மேல் வைத்து, சூரியன் இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் திருப்பிக் கட்டிவிடுவான். பெரியவர்கள் ஒவ்வொருவராக முழங்கால் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்ப்பார்கள். எல்லார் கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால் சண்டை வராது என்பான், வாத்தியார் வேலை பார்த்த புத்தி. போன வருடம் நீங்களும் முழங்கால் போட்டுப் பார்த்தீர்கள். சுடுகிற மாதிரி விரலை மடக்கிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். அவனும்தான் சிரித்தான்.

இந்த வருடம் வேண்டாம், ரேடியோவில் சொல்கிறபோது கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்களாம். நாலைந்து பேர் போவது கூட்டமா என்று கேட்டுவிட்டு, குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் ஏறியிருக்கிறான். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். கட்டி முடித்து, முதலில் அவனே படுத்துச் சரி பார்த்தானாம். கீழே சாலையில் நின்ற ஒருவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்வதா?

மூன்று வேட்டு. கூட இருந்த மகேந்திரா கடையில் வேலை செய்கிற உசேன் பாய் என்னிடம் சொன்னார், முதல் வேட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிசாம் எழுந்து கையைத் தூக்கினானாம். மூன்றாவதுதான் கழுத்தில் பட்டது. தண்ணீரை வாயில் ஊற்றப் போனார்கள், இறங்கவில்லை. நோன்போடு போனான். அன்றைக்குப் பிறை தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மேட்டில் அதன் பிறகு ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

பெருநாள் தொழுகையும் ஜனாஸாத் தொழுகையும் ஒன்றாகத்தான் நடந்தது. அவன் பெஞ்சாதி கைருன்னிசா இத்தாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்கு உள்ளே இருக்கிறாள், என்னோடுதான். பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த அத்தா வரதோலியிலிருந்து வந்திருக்கிறார். இந்த ஆட்சியில் பாவில் கரும்பு வெட்டுவதா வேண்டாமா என்று விவசாயிகள் இன்னும் முடிவு செய்யவில்லையாம், வெட்டினால் என்ன வெட்டாவிட்டால் என்ன என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் படையில் சேர்ந்தபோது அவர் சொன்னது எனக்கு நினைவு வருகிறது. நம் இந்திய ஆள் கையில் துப்பாக்கியைப் பிடிக்கவா கொடுப்பார்கள், துடைக்கத்தான் கொடுப்பார்கள் என்றார். அப்போது அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம். உங்கள் உடுப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பெருமைப்பட்டவள் நான்.

அங்கே குண்டு விழுகிற ஊரில் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், இங்கே பிறை பார்க்கப் போனவன் இல்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து தீர்ந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் ரஹீமா


நகாசி,
12 ஜூலை 1987

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அதற்குள் எழுத வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் என்னுடைய கடிதம் முந்திக்கொண்டு உங்களிடம் வந்து சேர வேண்டும். உங்களுக்கு ஒரு தாள் வரப்போகிறது.

போன வியாழக்கிழமை முகாமிலிருந்து ஒரு மேஜர் வீட்டுக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. அத்தாவுக்குக் கை கொடுத்தார். சார்ஜன்ட் ஹனீஃப் மாதிரி துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர் இந்தப் படைக்குக் கிடைத்தது பாக்கியம் என்றார். லெபனானில் அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும்கூடத் தங்கள் துப்பாக்கியை உங்களிடம் காட்டி யோசனை கேட்கிறார்களாமே, நீங்கள் எனக்கு அதை எழுதவேயில்லை. டீ கொடுத்தேன். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். பிறகு நிசாமைச் சுட்ட அந்தத் துப்பாக்கியின் சரித்திரத்தை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு, மச்சான். வேறு வீட்டில் புதுப் பெண்டாட்டிக்குப் பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். நீங்கள் எனக்குச் சொன்ன முதல் கதையே எம்-பதினாறு துப்பாக்கிதான். ஹவ்வா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னீர்கள். மரத்தை எடுத்துவிட்டு அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வைத்து எடை குறைத்தது, சிப்பாய்கள் இது விளையாட்டுச் சாமான் என்று சிரித்தது, சோதனையில் அது நன்றாகச் சுட்டது, எல்லாம் எனக்குப் பாடம். பிறகு அமெரிக்கப் படையில் மேலே இருந்தவர்கள் தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். தோட்டா உட்காருகிற அறைக்கு குரோமியம் பூச வேண்டியதைப் பூசவில்லை. இது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சொல்லி, துடைக்கிற கம்பிகூடக் கொடுக்காமல் வியட்நாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மழை, சேறு. சுட்ட தோட்டாவின் உறை உள்ளே ஒட்டிக்கொண்டு வெளியே வராது. செத்துக் கிடந்தவர்கள் பக்கத்தில் துப்பாக்கி பிரித்தபடி கிடந்தது என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும். அத்தனைக்கும் பிறகு சிப்பாய்கள் சரியாகத் துடைக்கவில்லை என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டார்கள் என்பீர்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் வெளியே வந்து, தாய் தகப்பன்மார் சத்தம் போட்டு, விசாரணை நடந்து, அப்புறம்தானே குரோமியம் பூசினார்கள், கம்பி கொடுத்தார்கள், பொம்மைப் படம் போட்டுத் துடைக்கச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் அச்சடித்தார்கள். அந்தப் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து வைத்தீர்கள். ஹவ்வா அதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

இதைத்தான் அந்த மேஜர் அரைகுறையாக எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆகவே அம்மா, இந்தத் துப்பாக்கி ஆரம்பம் முதலே நம்ப முடியாத சாமான், நசினுவில் அன்றைக்கு அது தானாகச் சுட்டுவிட்டது என்றார்.

நான் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டு என்னையறியாமல் சிரித்துவிட்டேன், கைருன்னிசா பயந்துபோனாள். அந்தத் துப்பாக்கிக்கு இருந்த வியாதி சுடாமல் போவது. சுடு என்று சொன்னால் சுடாது. சொல்லாமலே சுடும் என்று இத்தனை வருடத்தில் உங்கள் வாயிலிருந்து ஒரு தடவை நான் கேட்டதில்லை. கட்டைவிரல் அந்தச் சின்னப் பிடியைத் திருப்ப வேண்டும், அப்புறம் ஆள்காட்டி விரல் இழுக்க வேண்டும், இரண்டு விரலும் சம்மதிக்காமல் அது வாய் திறக்காது என்று நீங்கள்தான் சப்பாத்திக் கட்டையை வைத்து எனக்குக் காட்டினீர்கள். சரி, ஒரு தடவை தானாகவே சுட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவையா? அவன் எழுந்து நின்று கையைத் தூக்குகிற வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகு இரண்டு தடவையா?

மேஜர் வந்த காரியம் இதுதான். அந்தத் துப்பாக்கியைக் கடைசியாகப் பார்த்து, சரி என்று அனுப்பியது நீங்கள். நீங்கள் லெபனானுக்குக் கிளம்புவதற்கு முன்னால். ஆகவே உங்களிடமிருந்து ஒரு வாக்குமூலம் வேண்டுமாம். அதற்குள் ஒரு தளர்ச்சி அப்போதே இருந்தது, கிளம்புகிற அவசரத்தில் சரிசெய்ய முடியாமல் போயிற்று என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதுமாம். உங்களுக்கு ஒரு தண்டனையும் வராதாம். பழைய சாமான், யாரை என்ன சொல்வது என்றார். திரும்பி வந்ததும் ஆயுதப் பட்டறையே உங்கள் பொறுப்பில் வரலாம் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார். கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி சொன்னார், நானும் சம்பந்தமில்லாத மாதிரி கேட்டுக்கொண்டேன்.

அங்கே துப்பாக்கியின் குற்றத்தைச் சிப்பாய் தலையில் கட்டினார்கள். இங்கே சிப்பாயின் குற்றத்தைத் துப்பாக்கி தலையில் கட்டுகிறார்கள். எங்கேயும் மேலே இருக்கிறவர்கள் தலையில் மட்டும் எதுவும் விழுவதில்லை.

மச்சான், கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு மேல் இதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஹவ்வாவுக்குப் பரீட்சை நடக்கிறது, கணக்கில் வழக்கம் போலத்தான். பக்கத்து வீட்டு உர்மிளா குடும்பம் கனடா போகிறார்கள், வீட்டை விற்கிறார்கள். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

வஸ்ஸலாம்,
ரஹீமா


நகாசி,
30 ஆகஸ்ட் 1987

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தீர்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உங்கள் தமிழ் எழுத்தைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரியே கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போகிறது. முதலில் அந்த எழுத்தைப் பார்த்தே அழுதேன். படித்த பிறகு அழுகை நின்றுவிட்டது.

தாள் வந்துவிட்டது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை, செப்டம்பர் கடைசிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துப்பாக்கி உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை, அதைப் பிரித்துச் சேர்த்து நீங்களே சுட்டுப் பார்த்து அனுப்பினீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

நிசாம் திரும்பி வரப்போவதில்லை என்கிறீர்கள். இது எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? அவன் மையித்தைக் குளிப்பாட்டக் கொண்டுபோனபோது துணி எடுத்துக் கொடுத்தவள் நான். மறுத்தால் படையில் இருக்கிற நம் ஆட்கள் நாலைந்து பேரையும் சந்தேகப்படுவார்கள் என்கிறீர்கள். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்கிறீர்கள். ஹவ்வாவின் படிப்பு என்கிறீர்கள். இது எல்லாம் உண்மைதான், ஒன்றைக்கூடப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் சம்பளத்தில்தான் இந்த வீட்டு அடுப்பு எரிகிறது, இப்போது கைருன்னிசாவுக்கும் அவள் பிள்ளைக்கும் சேர்த்து எரிகிறது. நான் யோசிக்காமல் பேசுகிறவள் இல்லை. தையல் மெஷினை வெளியே எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், பள்ளிக்கூட உடுப்பு தைக்கக் கேட்டிருக்கிறேன். வரதோலியில் அத்தா வீடு இருக்கிறது. பட்டினி கிடக்கமாட்டோம்.

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, துப்பாக்கிக்கு வாயில்லை, பழி சொன்னால் அது வருத்தப்படப் போவதில்லை என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடமாக அதற்கு வாயாக இருந்தது யார்? சோற்றில் கை வைக்க விடாமல் அது குற்றமில்லை, அது குற்றமில்லை என்று எனக்குச் சொன்னது யார்? வியட்நாமில் செத்த யாரோ ஒருவனுக்காக உங்கள் குரல் கம்மிப்போகும். என் தம்பிக்கு அந்தக் குரல் இல்லையா? உங்களுக்கு முதல் முதலாகச் சைக்கிள் இரவல் கொடுத்தவன், மச்சான் மச்சான் என்று உங்கள் பின்னாலேயே திரிந்தவன்.

கோபத்தில் எழுதுகிறேன். எழுதட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கடிதம் வந்த அதே வாரம், சனிக்கிழமை மத்தியானம், சுட்டவனின் வீட்டார் வந்தார்கள். இந்தத் தீவின் பூர்வகுடிச் சனம், ரேவா ஆற்றுப் பக்கத்துக் கிராமம். அவன் தாய், தாய்மாமன்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவன் செய்த தவறுக்கு அவன் சனம் முழுக்க வந்து தலை குனியும். பாய், மண்ணெண்ணெய், கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு, எல்லாம் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். தபுவாவும் இருந்தது, கயிறு கட்டிய திமிங்கலப் பல், வாங்கிக்கொண்டால் மன்னித்த மாதிரி. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. எல்லாரும் வெறுந்தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்கள். வெயில் அவர்கள் முதுகில் அடித்தது, ஒருவரும் நகரவில்லை.

போகக்கூடாது என்று முகாமில் சொன்னார்களாம். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், துப்பாக்கிதான் சுட்டது என்று தாள் வரும்வரை பொறுங்கள் என்றார்களாம். இத்தனை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாய்க்குத் தூக்கம் வராமல் கிளம்பி வந்துவிட்டாள். பெரியவர் தபுவாவை இரண்டு கையிலும் ஏந்தி அவர்கள் மொழியில் பேசி முடித்தார். பிறகு அந்தத் தாய் நம் இந்தியில், தப்பும் தவறுமாக, அத்தாவைப் பார்த்துச் சொன்னாள், என் மகன் பயந்துவிட்டான், ஆனால் விரல் அவனுடையதுதான், அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை, என்னிடம் அவன் பொய் சொல்லவில்லை என்று. உள்ளே திரைக்குப் பின்னால் கைருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் போனதிலிருந்து ஒரு சத்தமும் போடாதவள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அந்தத் தாயும் அழுதாள். நடுவில் ஒரு துணித் திரை.

நான் அத்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்காதீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவர் எழுந்து போய் இரண்டு கையாலும் அந்தப் பல்லை வாங்கிக்கொண்டார். அந்தத் தாயின் தலையில் கை வைத்தார். அவர்கள் போன பிறகு, எப்படி வாங்கினீர்கள் என்று சண்டைக்குப் போனேன். விரல் என் மகனுடையது என்று ஒரு தாய் வந்து சொல்லும்போது நான் வேறு என்ன செய்வது, ரஹீமா, மனுஷனை மன்னிக்க வழி இருக்கிறது, இரும்பை எப்படி மன்னிப்பது என்றார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

மச்சான், இப்போது நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மறுபடியும் படியுங்கள். துப்பாக்கி கெட்டது என்று எழுதியிருப்பதாக நினைக்கிறீர்கள். அப்படி எழுதவில்லை. கெட்ட துப்பாக்கி என்று தெரிந்தும் ஹனீஃப் அதைக் கைமாற்றிவிட்டுப் போனான் என்று எழுதியிருக்கிறது. நசினு மேட்டில் என் தம்பியைக் கொன்றது அந்தத் தாயின் மகன் இல்லை, என் புருஷன் என்று எழுதியிருக்கிறது. அதன் அடியில்தான் உங்கள் பெயரைக் கேட்கிறார்கள். பட்டறையில் ஓர் ஆணிகூடத் தளர்ந்திருக்க விடாத மனுஷன், செய்யாத குற்றத்துக்குத் தானே பெயர் எழுதிக்கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறார். இதை நான் எந்த வயிற்றில் வைத்துக்கொள்வது?

நவம்பரில் நீங்கள் வந்து இறங்கும்போது கைருன்னிசாவின் இத்தா முடிந்திருக்கும். அவள் வெளியே வந்து நிற்பாள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அந்தக் கிராமத்துச் சனம் உட்கார்ந்த அதே வெறுந்தரையில் நீங்களும் தலை குனிந்து உட்கார வேண்டும், அவள் முன்னால், அத்தா முன்னால். அவர்கள் தங்கள் பிள்ளைக்காகச் சனத்தோடு வந்தார்கள். உங்கள் சனம் என்று பக்கத்தில் உட்கார நான் ஒருத்திதான் இருக்கிறேன். செத்தவனுக்கு அக்காளாகத் திரைக்கு உள்ளே உட்காரட்டுமா, உங்கள் பெஞ்சாதியாக வாசலில் உட்காரட்டுமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஹவ்வா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உங்களைச் சுகமாக வைக்கட்டும், எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்படி உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்,
ரஹீமா